இரைச்சலோடு ஒரு பாடம்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக ஆங்கிலம் கற்பவர்களுக்கு, காதால் கேட்டுப் பழகும் பாடங்கள் தயாரிக்கிற சிறிய நிறுவனம் அது. பாடத்தை ஒருவர் எழுதிக் கொடுப்பார், இன்னொருவர் பேசிக் கொடுப்பார். பேசியதை வாங்கிச் சுத்தம் செய்வது அவர் வேலை. மூச்சு வாங்கும் சத்தம், உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், நாற்காலியின் முனகல், பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்துவது என்று எதுவும் அவரிடமிருந்து தப்பாது. அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிடுவார். அவர் கை பட்டு வெளியே போகும் பாடத்தில் குரல் மட்டும்தான் இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பாடங்களை வைத்து அவர் வீட்டிலேயே ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். அவன் அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். சின்னப் பட்டறை ஒன்றில் இருந்தவனைப் பெரிய லிஃப்ட் கம்பெனி ஒன்று கூப்பிட்டுக்கொண்டது. அங்கே வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு மொழிக்காரர்கள், அதனால் வேலைப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். அதுவும் நேருக்கு நேர் நின்று பேசுவது குறைவு. ஒருவர் மேலே இயந்திர அறையில், ஒருவர் நடுவில் கூண்டின் தலைமேல், ஒருவர் கீழே. காதில் மாட்டிய கருவி வழியாகத்தான் பேச்சு.

வேலையில் சேர்வதற்கு முன் மைத்துனன் விழுந்து விழுந்து படித்தான். நிறுவனத்தின் தொடக்கப் பாடங்கள் அத்தனையும் கேட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் கேள்விகளுக்கு முழு மதிப்பெண் வாங்கினான். காதுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நம்ம மாப்பிள்ளை இங்கிலீஷ்ல கெட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே ஒரு மாலை அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"என்னைக் கூண்டு வேலையிலேருந்து எடுத்துட்டாங்கக்கா. இயந்திர ரூம்ல தூசி தட்டச் சொல்லியிருக்காங்க."

"ஏன்?"

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு மாடியில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் அவன் நின்றிருக்கிறான். காதுக்குள் போர்மேன் ஏதோ சொல்லியிருக்கிறார். கதவைத் திறக்கலாம் என்று இவன் புரிந்துகொண்டு பூட்டில் சாவியைப் போட்டிருக்கிறான். அவர் சொன்னது திறக்கக் கூடாது என்று. பின்னாலிருந்து இன்னொரு ஆள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் கூண்டு இல்லை, வெறும் பள்ளம்.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"பயப்படாத. பெல்ட் கட்டித்தான் இருந்தேன். ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் அவன். பிறகு காதுக்காரர் பக்கம் திரும்பினான். "உங்க பாடத்துல அந்தம்மா 'யூ கேன்ட்'னு எவ்வளவு அழகாச் சொல்றாங்க, மாமா. கடைசி எழுத்து தனியாத் தெரியும். இவர் சொன்னதுல அந்த 'ட்' எங்க போச்சுன்னே தெரியல. 'கேன்'னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க பாடத்துல பேசுற மாதிரி ஊர் உலகத்துல ஒருத்தரும் பேசல."

காதுக்காரருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "நீ கவனமாக் கேட்டிருக்க மாட்டே" என்றார்.

"அவன் எப்படிக் கேட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. அவள் மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவள். நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டில் மட்டும் வெட்டொன்று துண்டு இரண்டாகப் பேசுவாள்.

அவள் கேட்டது அவரை நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரமே ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மைத்துனன் மூலம் போர்மேனிடம் அனுமதி வாங்கி, அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனார்.

போர்மேன் ஆஜானுபாகுவான ஆள். கைகள் ஓயாமல் வேலை செய்வதால், திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு அதன் இடுக்கு வழியாகவே பேசுகிற பழக்கம். இயந்திர அறையில் காதுக்காரரை ஓர் ஓரமாக உட்கார வைத்து, காதில் மாட்டும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டதும் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மோட்டார் உறுமியது. கம்பிக் கயிறு உருளையில் ஏறும்போது கீச்சிட்டது. எங்கோ ஒரு மாடியில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் நடுவில் ஒரு குரல் சட்டென்று முளைத்து, பாதி சொல்லிலேயே அறுந்து போனது. வருடக்கணக்காக அவர் பொறுக்கி எறிந்த கல்லெல்லாம் இங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. அரிசியைத்தான் தேட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். மைத்துனனைப் போலவே புதிதாகச் சேர்ந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். போர்மேன் எதைச் சொன்னாலும் அவர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: "யெஸ் சார்."

சாப்பாட்டு நேரத்தில் போர்மேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் ஆங்கிலத்தில் நிதானமாகவே பேசினார். மைத்துனனைத் தண்டிப்பதற்காக ஒதுக்கவில்லை என்றார். "புரியலைன்னு சொல்ற ஆளைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. எல்லாத்துக்கும் 'யெஸ்' சொல்ற ஆளை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது" என்பது அவர் சொன்னதன் சாரம். இந்த இரைச்சலைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று காதுக்காரர் கேட்டார். மேலிடத்தைக் கேட்டுவிட்டு அவர் சரி என்றார். லிஃப்டில் வந்து போகிறவர்கள் பேச்சை மட்டும் பதியக் கூடாது என்றும் சொன்னார்.

அன்று பதிந்ததை அப்படியே வெட்டி ஒட்டி ஒரு பாடம் செய்தார் காதுக்காரர். உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்புடன் அதை மைத்துனனிடம் கொடுத்தார். அவன் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு காதிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டான்.

"தலை வலிக்குது மாமா. அங்கயும் இதே கத்தல், வீட்டுக்கு வந்தா இங்கயும் இதேன்னா நான் எங்கதான் போறது?"

"உண்மையா இப்படித்தானே பேசுறாங்க?"

"நீச்சல் தெரியாதவன ஆழத்துல தள்ளி, தண்ணி உண்மையானதுதானேன்னு கேப்பீங்களா?"

காதுக்காரருக்குச் சுருக்கென்றது. சுத்தமாகக் கொடுத்தால் உதவவில்லை. அழுக்கோடு கொடுத்தால் உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்க கடைக்கு வர்றவங்க பேசுறதுல பாதி எனக்கும்தான் புரியாது" என்றாள். "தெரியுமா உங்களுக்கு?"

"அப்புறம் எப்படி மருந்து குடுக்கிற?"

"இருமிக்கிட்டே வர்றவர் இருமலப் பத்திதான் பேசுவார். வேற எதப் பத்திப் பேசப் போறார்? அவர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு கேள்வி இருக்கும். மருந்து அவருக்கா, வீட்டுல இருக்கற குழந்தைக்கா? அந்த ஒண்ணுக்குத்தான் காதைத் தீட்டி வெச்சிருப்பேன். மத்ததெல்லாம் வந்தா வரட்டும். கிடைச்சத நான் ஒரு தடவ திருப்பிச் சொல்வேன். தப்பா இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க." ஒரு சட்டையை உதறினாள். "நீங்க என்ன பண்றீங்க? முழுப் பேச்சையும் போட்டுட்டுக் கடைசியில கேள்வி கேக்கறீங்க. எதுக்காகக் கேக்கறோம்னே தெரியாம ஒருத்தன் எத்தனையத்தான் புடிச்சு வெச்சுக்குவான்?"

காதுக்காரர் எழுந்து போய் அவளோடு சேர்ந்து துணி மடிக்க ஆரம்பித்தார். யோசிக்கும்போது அவருக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும்.

மறுநாள் அவர் குரலம்மாவிடம் போனார். நிறுவனத்தின் பாடங்களில் பெரும்பாலும் ஒலிப்பது அந்த அம்மாள் குரல்தான். ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். ஒவ்வோர் எழுத்தையும் கழுவித் துடைத்து அடுக்கி வைப்பது போலப் பேசுவார். ஒரே வாக்கியத்தை முதலில் தெளிவாகவும், அடுத்த முறை தெருவில் பேசுவது போலவும் சொல்லித் தர வேண்டும் என்று காதுக்காரர் கேட்டார்.

"என்ன, வார்த்தைய மென்னு முழுங்கச் சொல்றீங்களா?"

"கொஞ்சம்."

"இத்தன வருஷம் முழுங்கக் கூடாதுன்னுதானே சம்பளம் குடுத்தீங்க?"

இருந்தாலும் முயன்று பார்த்தார். பல் பிடுங்கிவிட்டு வந்தவர் பேசுவது போல இருந்தது. அடுத்த முறை இன்னும் மோசம். இருவருக்கும் அலுத்துப் போய், டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தார்கள். அப்போது குரலம்மாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. அவர் வீட்டுக் குழாயைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டுக் கம்பி நீட்டிய ஆள். குரலம்மா நடைவழியின் கோடிக்குப் போய் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். "வாட் ஆர் யூ கோயிங் டு டூ அபௌட் இட்" என்று பாடத்தில் ஏழெட்டுச் சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறவர், இங்கே "வாச்சகனா டூபௌடிட்" என்று ஒரே மூச்சில் சுருட்டி வீசினார்.

திரும்பி வந்தபோது காதுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன?"

"இதத்தாம்மா கேட்டேன்."

குரலம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "நானா அப்படிப் பேசினேன்?" என்றார். அதற்குப் பிறகு வேலை சுலபமாயிற்று. எழுதிய தாளை அவர் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 'மேலே இருக்கிற ஆளைக் கூண்டை நிறுத்தச் சொல்லணும், உங்களுக்கு அவசரம்' என்று நிலைமையை மட்டும் காதுக்காரர் சொல்வார். குரலம்மா அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவார்.

பாடம் இப்படி அமைந்தது. முதலில் ஒரே ஒரு கேள்வி: திறக்கலாமா, கூடாதா? வேறொரு பாடத்தில், எத்தனையாவது மாடி? பிறகு அந்த வாக்கியம் தெளிவாக வரும். அடுத்து அதே வாக்கியம் முழுங்கிய பேச்சில். அதன்பின் அதே பேச்சு மோட்டார் இரைச்சலுக்குள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் வெற்றிடம். அந்த இடத்தில் கேட்பவன் தனக்குக் கிடைத்ததை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கிடைக்கவில்லையென்றால் 'ஸே அகெய்ன்' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஒலிக்கும்.

பாடப் பிரிவின் தலைவிக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம கம்பெனி சுத்தமான ஒலிக்குப் பேர் போனது" என்றார். "புதுசாக் கத்துக்கறவங்க இரைச்சலக் கேட்டா மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"முதல்ல செஞ்சதக் கேட்டு ஒருத்தன் அப்படித்தான் போயிட்டான் மேடம்" என்றார் காதுக்காரர். "அதனாலதான் படிப்படியா வெச்சேன்."

தலைவி பாடத்தைக் கடைசி வரை கேட்டார். மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நிறுவனத்தின் பெயர் போடாமல் லிஃப்ட் ஆட்களிடம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று காதுக்காரருக்கும் தோன்றியது.

லிஃப்ட் கம்பெனியின் சாமான் அறையில், சாப்பாட்டு நேரத்தில், மைத்துனனும் மற்ற புது ஆட்களும் அந்தப் பாடங்களைக் கேட்டார்கள். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒருவர், எனக்கு இது ஒத்துவராது என்று பாதியில் விலகிக்கொண்டார். மற்றவர்களுக்கு 'ஸே அகெய்ன்' பிடித்துப் போனதில் வேறு தொல்லை வந்தது. புரிந்ததற்கும் 'ஸே அகெய்ன்', புரியாததற்கும் 'ஸே அகெய்ன்'. "முன்னாடி 'யெஸ்' தொல்லை, இப்ப இந்தத் தொல்லை" என்று போர்மேன் தலையில் அடித்துக்கொண்டதாக மைத்துனன் வந்து சொன்னான். ஆனால் அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். தட்டில் போட்டதையும் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

அடுத்த பாடங்களில் காதுக்காரர் ஒரு திருத்தம் செய்தார். வெறுமனே மறுபடி சொல்லச் சொல்லாமல், கிடைத்த பாதியைச் சொல்லி மிச்சத்தை மட்டும் கேட்கப் பழக்கினார். 'ஃபோர்த் ஃப்ளோர், அப்புறம் என்ன' என்பது போல. அந்தத் திருத்தத்துக்கு மூலம் மருந்துக் கடை என்பதை மனைவியிடம் ஒப்புக்கொண்டார். "தெரியும்" என்றாள் அவள்.

பாடம் கேட்பதற்காகக் கொடுத்திருந்த கருவிகளை வாங்கிவர அவர் ஒரு பிற்பகல் அந்தப் பக்கம் போயிருந்தார். உயரமான பழைய குடியிருப்பு ஒன்றில் வேலை நடந்துகொண்டிருந்தது. போர்மேன் பக்கத்து லிஃப்டில் மும்முரமாக இருந்தார். மைத்துனன் கீழ்த்தளத்தில் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது மின்சாரம் போய்விட்டு உடனே வந்தது. ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட் எங்கோ நின்றுவிட்டது, எந்த மாடி என்று காட்டும் பலகை விளக்கும் எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் லிஃப்டுக்குள் இருப்பவர்களோடு பேசுவதற்காகச் சுவரில் இருந்த பெட்டி கிர்ரென்றது.

ஒரு பெண் குரல். மூச்சுவிடாமல் படபடவென்று பேசியது. காதுக்காரர் நடுவில் ஒரு சொல்லை மட்டும் பிடித்தார். கேஸ் என்று அந்தப் பெண் சொன்னாள். லிஃப்டுக்குள் கேஸ் நாற்றம்.

"மாப்பிள்ளை, கேஸாம். தீயணைப்புக்குச் சொல்லணும், போர்மேனக் கூப்பிடு" என்றார்.

மைத்துனன் அவரைப் பார்த்துக் கையமர்த்தினான். பெட்டியின் பொத்தானை அழுத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். முதலில் எந்த மாடி என்று கேட்டான். பதில் தர்ட்டீனா, தர்ட்டியா என்று இருவருக்குமே தெரியவில்லை.

"ஒன் த்ரீ?" என்றான் அவன். "ஆர் த்ரீ ஸீரோ?"

"ஒன் த்ரீ" என்றது குரல்.

"ஒன் த்ரீ. ஓகே. யூ ஸே கேஸ். பேட் ஸ்மெல்?"

"நோ, நோ" என்றாள் அந்தப் பெண். மறுபடி எதையோ சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னொரு முறை கேட்டான். அந்தப் பெண் நிறுத்தினாள், யோசித்தாள் போலிருக்கிறது. அப்புறம் பெட்டியிலிருந்து மிகத் தெளிவாக ஒரு சத்தம் வந்தது.

"மியாவ்."

மைத்துனன் காதுக்காரரைத் திரும்பிப் பார்த்தான். "கேஸ் இல்ல மாமா. கேட். பூனை. கூடையில பூனைய வெச்சிருக்காங்க."

"ஒன் கேட். யூ அண்ட் கேட். நோ ஸ்மெல்" என்று அவன் பெட்டியில் திருப்பிச் சொன்னபோது, அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். 'கேட்ஸ் ஸ்கேர்ட்', பூனை பயந்திருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றுதான் அவள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். போர்மேன் வந்து சேர்ந்தபோது, எந்த மாடி, உள்ளே யார், எப்படி இருக்கிறார்கள் என்று எல்லாம் அவனிடம் தயாராக இருந்தது. இருவரும் பதின்மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தார்கள். காதுக்காரர் படி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணும் கூடையும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் மைத்துனனைக் கூண்டு வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போர்மேன் அதிகம் பாராட்டவெல்லாம் இல்லை. பெல்ட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

காதுக்காரர் நடந்ததைத் தலைவியிடம் சொன்னார். தானே கேஸ் என்று அலறிய கதையையும் மறைக்கவில்லை. தலைவி சிரித்துவிட்டு, தொடக்கப் பாடங்களில் ஒரு வரிசையை இந்த முறையில் செய்து பார்க்கலாம் என்றார். லிஃப்ட் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாகக் கடை, பேருந்து, தொலைபேசி என்று இருக்கட்டும் என்றார். அவை வெளியே போனதும், இப்போதுதான் பேருந்தில் துணிந்து பக்கத்தில் இருப்பவரிடம் பேசினேன் என்று சிலர் எழுதினார்கள். பின்னால் யாரோ இருமுகிறார்கள், தயவுசெய்து சரிசெய்யவும் என்றும் சிலர் எழுதினார்கள். காதுக்காரர் இரண்டாம் வகையினருக்கும் மரியாதையாகவே பதில் போட்டார்.

ஒரு மாலை மைத்துனன் வேலை முடிந்து வந்ததும் வராததுமாகச் சிரிக்க ஆரம்பித்தான். போர்மேனுக்குத் தமிழில் சில சொல் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டதாம். நீங்களெல்லாம் என் பேச்சைக் கேட்கப் பாடுபடுகிறீர்கள், நானும் கொஞ்சம் பாடுபடுகிறேன் என்றாராம். முதல் சொல்லாக இவன் 'பிடி' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"நல்ல சொல்தானே" என்றாள் அக்கா.

"நல்ல சொல்தான். கயித்தப் புடிக்கறதுக்கு அவர் நாள் பூரா 'பீடி, பீடி'ன்னு காதுக்குள்ள கத்திட்டிருக்காரு. மேல இருக்கற நம்மாளு ஒருத்தன், வேலை நேரத்துல பீடி குடிக்கக் கூடாது சார்னு அவருக்கே பதில் சொல்றான்."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காதுக்காரர் சிரிக்கவில்லை. பிடிக்கும் பீடிக்கும் நடுவில் ஓர் அந்நியக் காதுக்கு எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே, இரண்டையும் மெதுவாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அவரக் கூட்டிட்டு வரட்டுமா, மாமா?" என்றான் மைத்துனன்.

"கூட்டிட்டு வா" என்றார் அவர். "சாப்பிட்டுட்டே பேசலாம்."